வான்கோழிச் சாறும் கொத்தவரைக் கோந்தும்

1863-ஆம் வருஷத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு காரியங்கள் நடந்தேறின. உள்நாட்டு யுத்தத்தில் அமெரிக்கா தத்தளித்துக்கொண்டிருந்த அந்த அக்டோபர் மாதத்தில், ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன், நவம்பரின் கடைசி வியாழக்கிழமையைத் தேசத்தார் யாவரும் கடவுளுக்கு நன்றி செலுத்தும் தினமாக அனுஷ்டிக்க வேண்டுமென்று பிரகடனம் செய்தார். அதே வருஷத்தில் லண்டனில், அரச குடும்பத்தாரின் இறுதி ஊர்வலங்களை நடத்திவைத்துப் பேர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த வில்லியம் பாண்டிங் என்பவர், உடல் பருத்து, குனிந்து பாதரட்சையின் கயிற்றைக் கட்டவும் இயலாமல், படிக்கட்டில் பின்பக்கமாகவே இறங்கும் நிலைக்கு வந்து, கடைசியில் காது மந்தத்துக்காக ஒரு வைத்தியரிடம் போன இடத்தில் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு முதலியவற்றைக் கைவிடும்படி புத்தி சொல்லப்பெற்று, அப்படியே செய்து இளைத்த கதையைச் சிறு பிரசுரமாக அச்சிட்டார். முன்னது வான்கோழி விருந்தைத் தேசத்துக்கே பொதுவாக்கியது. பின்னது மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் பத்தியத்துக்கு ஊரறிந்த ஒரு பிரசாரகரைத் தந்தது. அந்தப் பத்தியம் இடையில் மறக்கப்பட்டு, 1972-இல் ராபர்ட் அட்கின்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிய புஸ்தகத்தால் மறுபிறப்பு எடுத்து, இன்று அந்நாட்டில் பல வீடுகளில் குடியேறியிருக்கிறது. ஆகவே, 1941-இல் காங்கிரஸ் சபை சட்டமாக்கி நிலைநிறுத்திய நவம்பரின் நான்காவது வியாழக்கிழமையன்று, லிங்கனின் விருந்தும் பாண்டிங்கின் பத்தியமும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்காரவேண்டியதாகிறது.

அப்படி உட்காரும்போது அவை முட்டிக்கொள்ளும் இடங்களில் ஒன்று கிரேவிக் கிண்ணம். நம் ஊர் ஓட்டல்களில் கிரேவி என்றால் வெங்காயமும் தக்காளியும் மசாலாவும் வதங்கிச் சுண்டிய கெட்டிக் குழம்பு என்று பொருள். அமெரிக்கர் சொல்லும் கிரேவி அதுவன்று. முழு வான்கோழியை ஓவனில் வைத்து வாட்டும்போது அதிலிருந்து வடியும் கொழுப்பையும் சாற்றையும் எடுத்து, கழுத்தும் இரைப்பையும் வேகவைத்த நீரைச் சேர்த்து, கோதுமை மாவினால் திண்மை ஊட்டிய, பழுப்பு நிறமுள்ள, காரமற்ற திரவம் அது. இறைச்சியின் மீதும் உருளைக்கிழங்கு மசியலின் மீதும் அதை ஊற்றிக்கொள்ளாவிட்டால், உலர்ந்த சுபாவமுள்ள வான்கோழி நெஞ்சுக்கறி தொண்டையில் இறங்காது என்பது அங்குள்ளோர் பலரின் அனுபவம். பத்தியக்காரருக்கு இந்தத் திரவத்தில் ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான்: மாவு. அந்த மாவை நீக்கிவிட்டு, கிரேவியைக் கிரேவியாகவே வைத்திருக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே விடை. ஆனால் மாவு அங்கே எத்தனை வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது என்பது, அதை நீக்கிப் பார்த்த பிறகே தெரியவருகிறது.

முதலில் ருசியைத் தனியே பிரித்துவிடுவோம். கிரேவியின் ருசிக்கு மாவு ஏறக்குறையத் தேவையே இல்லை. வாட்டும் தட்டின் அடியில் பொருக்குப்பொருக்காக ஒட்டிக்கொண்டிருக்கும் கருஞ்சிவப்புப் பற்றுதான் அதற்கு மூலதனம். இறைச்சியிலுள்ள அமினோ அமிலங்களும் சொற்ப அளவிலுள்ள சர்க்கரைகளும் நீர் வற்றிய மேற்பரப்பில் கடும் உஷ்ணத்தில் கூடி, நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்களாகவும் பழுப்பு நிறமிகளாகவும் மாறுகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு ரசாயனி லூயி காமில் மையார் என்பவரின் பெயரால் இன்றும் இது மையார் வினை என்று அழைக்கப்படுகிறது. அந்தப் பற்றின் மீது கொஞ்சம் சூடான நீரையோ எலும்புச் சாற்றையோ ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால், அத்தனையும் கரைந்து வந்துவிடும். இதில் அடங்கிய மாவுச்சத்து கணக்கில் எடுக்கத்தக்கதன்று. இப்படிக் கிடைத்த சாறு மணமும் நிறமும் உப்பும் உள்ளது. ஆனால் தண்ணீராக ஓடுகிறது. இறைச்சித் துண்டின் மீது ஊற்றினால் நில்லாமல் வழிந்து, தட்டின் ஓரத்தில் குளமாகத் தேங்கிவிடுகிறது. நமக்குக் குறைவது ருசியன்று, திண்மை.

திண்மை என்பது என்ன? அதை ஒரு சரக்கு என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். நீருக்குள் எதையோ நிறையப் போட்டால்தான் நீர் கெட்டியாகும் என்று எண்ணுகிறோம். உண்மையில் அது ஒரு தடை. நீரின் அணுத்திரள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு சுலபமாக ஓடும் சுபாவமுடையவை. அவற்றின் பாதையில் குறுக்கே எதையாவது நிறுத்தினால் ஓட்டம் மந்தப்படுகிறது. குறுக்கே நிற்பதன் எடை பெரிதன்று, அது அடைத்துக்கொள்ளும் இடமே பெரிது. 1905-இல் ஐன்ஸ்டீன் சூரிக் சர்வகலாசாலையில் பட்டத்துக்காகச் சமர்ப்பித்த ஆராய்ச்சி, சர்க்கரை கரைந்த நீர் எவ்வளவு கெட்டிப்படுகிறது என்பதைக் கொண்டு சர்க்கரை அணுத்திரளின் பரிமாணத்தைக் கணக்கிடுவதாகவே இருந்தது. பிரபஞ்சத்தின் வளைவை ஆராய்ந்த அதே மூளை அதற்கு முன்னால் சர்க்கரைப் பாகின் பதத்தை ஆராய்ந்தது என்பது சமையற்கட்டில் நிற்பவர்களுக்குச் சற்றுத் தெம்பூட்டும் செய்தி.

மாவு இந்தத் தடையை எவ்வாறு எழுப்புகிறது என்று பாருங்கள். கோதுமை மாவில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட மாவுச்சத்து. அது கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகளாக அடங்கிக் கிடக்கிறது. குளிர்ந்த நீரில் அந்த மணிகள் சும்மா மிதக்கும், சிறிது நேரத்தில் அடியில் தங்கும். நீர் அறுபது டிகிரிக்கு அருகில் சூடேறும்போது மணிக்குள் இறுக்கமாக அடுக்கப்பட்ட சங்கிலிகள் தளர்ந்து, நீர் உள்ளே புகுந்து, மணி பல மடங்கு பருத்து, பக்கத்து மணியோடு தோள் உரசத் தொடங்குகிறது. அமிலோஸ் என்ற நேர்ச்சங்கிலிகள் மணிக்கு வெளியே கசிந்து, இடைவெளிகளில் வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. இதைத்தான் நாம் கூழ் என்கிறோம். பிரெஞ்சு சமையற்காரர் மாவை முதலில் கொழுப்பில் வறுத்துக்கொள்வதும் – 1651-இல் லா வரேன் எழுதிய சமையல் நூலிலேயே இந்த முறை இருக்கிறது – நம் வீட்டில் அரிசி மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ரசத்திலோ குழம்பிலோ விடுவதும் ஒரே தந்திரத்தின் இரு ரூபங்கள்: மணிகள் சூடான நீரைக் காண்பதற்கு முன் ஒன்றையொன்று விட்டு விலகியிருக்கவேண்டும், இல்லையேல் மேற்புறம் வெந்து உட்புறம் மாவாகவே நிற்கும் கட்டிகள் உண்டாகும்.

இதில் எவ்வளவு மாவுச்சத்து உள்ளே போகிறது என்ற கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். 240 மில்லிலிட்டர் அளவுள்ள ஒரு கோப்பைக் கிரேவிக்கு வழக்கமாக 2 மேஜைக்கரண்டி மாவு, அதாவது சுமார் 16 கிராம். அதில் மாவுச்சத்து சுமார் 12 கிராம். ஒருவர் கால் கோப்பை ஊற்றிக்கொண்டால் அவர் பங்குக்கு வருவது 3 கிராம். அதே தட்டில் அரைக் கோப்பை உருளைக்கிழங்கு மசியலை வைத்துக்கொண்டவர் 15 கிராமுக்கு மேல் ஏற்கெனவே வாங்கிவிட்டார். கிரேவியில் மாத்திரம் மாவை விலக்குவது, ஆற்றில் முழுகிவிட்டுக் கைக்குட்டையைப் பிழிவது போன்றது. நாள் ஒன்றுக்கு 20 கிராமுக்குள் நிற்கவேண்டும் என்ற கடும் விரதம் பூண்டவருக்குத்தான் இந்த 3 கிராம் ஒரு பொருட்டு. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஊற்றிக்கொள்பவருக்கும் பொருட்டுதான். சோள மாவு இரு மடங்கு வீரியமுள்ளதாதலால் ஒரு மேஜைக்கரண்டியே போதும் என்பதும், அதனால் மாவுச்சத்து ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதும் நடுத்தரப் பத்தியக்காரருக்குப் பிரயோஜனப்படும். கூவைக்கிழங்கு மாவு கோதுமையன்று என்பதற்காக அதைத் தாராளமாகச் சேர்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அது சுத்தமான மாவுச்சத்தேயாகும்.

இப்போது நம் தேடலின் உட்கருவுக்கு வருகிறோம். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் என்ற சர்க்கரை மணிகளைக் கோத்த மாலை. மரத்தின் நாராகிய செல்லுலோஸும் அதே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைதான். வித்தியாசம், ஒரு மணி அடுத்த மணியோடு எந்தப் பக்கமாகக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதில் மாத்திரம் இருக்கிறது. ஒரு விதமான கோப்பை நம் உமிழ்நீரிலும் கணையத்திலும் சுரக்கும் அமிலேஸ் என்னும் நொதி கத்திரித்துவிடும். மற்ற விதமான கோப்பு அந்தக் கத்திரிக்குள் நுழையவே நுழையாது. ஆகையால், நீரில் விரிந்து இடத்தை அடைத்துக்கொள்வதாகவும், அதே சமயம் நம்முடைய நொதிக்கு அகப்படாத கோப்பு உடையதாகவும் ஒரு மாலை கிடைத்தால், கிரேவி கெட்டியாகும், ரத்தத்தில் சர்க்கரை ஏறாது.

அப்படியொரு மாலையை முட்டைக்கோசு நோய்க் கிருமி ஒன்று வெகு காலமாகத் தயாரித்துக்கொண்டிருந்தது. முட்டைக்கோசின் இலை நரம்புகளைக் கறுக்கச் செய்து அழுகவைக்கும் அந்தப் பாக்டீரியா, தன்னைச் சுற்றி வழுவழுப்பான கோழையைக் கக்கும் சுபாவமுடையது. அமெரிக்க விவசாய இலாகா இல்லினாய் மாகாணத்துப் பியோரியா நகரில் நடத்திய ஆராய்ச்சிசாலையில் ஆலின் ஜீன்ஸ் என்ற பெண்மணி – ரத்தத்தின் திரவப் பகுதிக்குப் பதிலாக நோயாளிக்கு ஏற்றக்கூடிய டெக்ஸ்ட்ரானை ஆராய்ந்து ஏற்கெனவே கீர்த்தி பெற்றவர் – தம் சகாக்களோடு கிருமிகள் கக்கும் கோந்துகளை வரிசையாகப் பரீட்சித்தபோது, இந்தக் கோழையின் அபூர்வத் தன்மை புலப்பட்டது. 1960களில் அது தொழிற்சாலைப் பண்டமாயிற்று. ஸாந்தன் கோந்து என்று பெயர் பெற்றது. அதன் முதுகெலும்பு செல்லுலோஸின் அதே கோப்புடைய குளுக்கோஸ் மாலை. ஒன்று விட்டு ஒரு மணியிலிருந்து மூன்று சர்க்கரைகள் கொண்ட சிறு கிளை தொங்குகிறது. முதுகெலும்பு நம் நொதிக்கு இடம் கொடாது; கிளைகளோ, நாரைப்போல் நீரை உதறிவிடாமல், அதை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன.

இதன் வீரியம் வியக்கத்தக்கது. 2 கோப்பைச் சாற்றுக்கு 4 மேஜைக்கரண்டி மாவு கேட்ட இடத்தில் இது அரைத் தேக்கரண்டி, அதாவது ஒன்றரை கிராமுக்கு மேற்படாமல், கேட்கிறது. ஆனால் இதனுடைய பிடிவாதங்களும் அதற்குத் தக்கபடி உண்டு. சூடான சாற்றில் மொத்தமாகக் கொட்டினால் ஒவ்வொரு திரளும் வெளிப்புறம் நனைந்து உட்புறம் உலர்ந்து, மீன் கண்களைப்போலக் கண்ணாடி உருண்டைகளாக மிதக்கும்; எத்தனை நேரம் கொதிக்கவைத்தாலும் அவை கரைவதில்லை. ஆகவே இரண்டு கரண்டி வான்கோழிக் கொழுப்பில் முதலில் குழைத்துக்கொண்டு, பிறகு சாற்றில் மெல்லிய தாரையாக விட்டுக் கம்பி மத்தால் விடாமல் அடிக்கவேண்டும். பாருங்கள், மாவைக் கொழுப்பில் வறுத்த பிரெஞ்சுக்காரரின் தந்திரத்துக்கே திரும்பி வந்திருக்கிறோம். வறுப்பது மாத்திரம் இல்லை.

மாவில் பழகிய கை இங்கே தவறு செய்யும். மாவுக் கிரேவி அடுப்பில் இளகலாகவும் ஆறினால் கெட்டியாகவும் இருக்குமாதலால், அநுபவசாலி அதைச் சற்று நீர்க்கவே இறக்குவார். ஸாந்தன் கோந்தோ உஷ்ணத்தை லட்சியம் செய்வதில்லை. சூட்டில் எப்படியோ ஆறினாலும் ஏறக்குறைய அப்படியே. போதவில்லையே என்று இன்னொரு சிட்டிகை தூவுகிறவர், முதற்சிட்டிகை முழுதாக நனைய ஐந்து நிமிஷம் காத்திருக்கவேண்டும். காத்திராவிட்டால் விருந்தினர் முன் வருவது கிரேவியன்று, வெண்டைக்காய்க் குழைவு. இன்னொரு வித்தியாசம் நாவில் தெரிகிறது. மாவுக் கிரேவி வாய்க்குள் போனதும் உமிழ்நீர் அதைக் கத்திரித்து நீர்க்கச் செய்வதால் உப்பும் மணமும் சட்டென்று விடுபடுகின்றன. ஸாந்தன் கிரேவி உமிழ்நீருக்கு அசைந்துகொடாமல் நாவின் மேல் பூசியபடியே நிற்கிறது. விழுங்குவதில் சிரமமுள்ள நோயாளிகளின் பானங்களுக்கு ஆஸ்பத்திரிகளில் இதைக் கலந்து கொடுப்பதற்கு இந்தக் குணமே ஒரு காரணம். நோயாளிக்கு வரமாக அமைந்தது விருந்தாளிக்குச் சிறு குறையாகிறது.

குறையைத் தணிக்க ஒரு வழி, பாரத்தை இரண்டு கோந்துகளுக்குப் பகிர்ந்துவிடுவது. அந்த இரண்டாவது கோந்து நமக்கு அந்நியமன்று: கொத்தவரங்காயின் விதையிலிருந்து எடுப்பது. நாம் பிஞ்சைப் பொரியலாகவும் வற்றலாகவும் தின்று தீர்க்கிறோம். ராஜஸ்தானத்து மணற்பூமியில் அதை முற்றவிட்டு, விதைப்பருப்பை இடித்து மாவாக்கி உலகத்துக்கு அனுப்புகிறார்கள். இந்த மாலையின் மணி குளுக்கோஸ் அன்று, மான்னோஸ். இதுவும் நம் நொதிக்கு அகப்படாது. ஸாந்தனோடு சேரும்போது, இரண்டும் தனித்தனியே தரும் திண்மைகளின் கூட்டுத்தொகையைக் காட்டிலும் அதிகம் தருகிறது. ஆகவே இரண்டிலும் குறைவாகப் போட்டால் போதும், வழவழப்பும் மட்டுப்படும். பாறையைப் பிளந்து எண்ணெய் எடுப்பவர்களுக்கும் கொத்தவரைக் கோந்து இன்றியமையாததாகி, 2012 வாக்கில் அதன் விலை விண்ணை முட்டியதையும், கொத்தவரை விதைத்த வறண்ட பூமிக் குடியானவர்கள் சிலகாலம் சீமான்களாக உலவியதையும் இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். நம் சேனைக்கிழங்கின் ஒன்றுவிட்ட சகோதரமான கொஞ்சாக் என்ற ஜப்பானியக் கிழங்கின் மாவும் இந்த வம்சத்தைச் சேர்ந்ததே. இவை யாவும் ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளுக்கு ஆகாரமாவதால், அளவு மிஞ்சினால் வயிறு உப்புசம் காணும் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

வாதுமை மாவும் தேங்காய் மாவும் பலரால் சிபாரிசு செய்யப்படுகின்றன. அவற்றில் பருத்து விரியக்கூடிய மணிகள் இல்லாமையால், திரவம் கெட்டியாவதில்லை, மணலாகிறது. எனக்கு அவை சம்மதமில்லை. முட்டையின் மஞ்சட்கரு அழகாகக் குழையும், ஆனால் கொதி கண்டால் திரிந்துபோகும். வீடு நிறைய விருந்தினர் காத்திருக்கும் வேளையில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். பாலேடு நல்லதுதான், எனினும் வான்கோழியின் மணத்தை மங்கவைத்துவிடும்.

என் மனசுக்கு உகந்த உபாயம் வேறொன்று. அது கோந்துகளைக் காட்டிலும் பழையது. விருந்துக்கு முந்தின நாளே வான்கோழியின் கழுத்து, சிறகுமுனை, முதுகெலும்பு ஆகியவற்றை ஓவனில் சிவக்க வாட்டி, பிறகு நீரில் இட்டு, கொதித்துப் புரளாமல் மெல்லத் தளதளக்கும்படி நாலைந்து மணி நேரம் வைத்தால், தோலிலும் மூட்டிலும் உள்ள கொல்லாஜன் என்ற புரதம் தன் முப்புரிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஜெலட்டினாக நீரில் இறங்குகிறது. இது புரதமாதலால் மாவுச்சத்துக் கணக்கே எழவில்லை. அந்தச் சாற்றை உப்பிடாமலே வடிகட்டிப் பாதியாகச் சுண்டவைக்கவேண்டும். முன்னமே உப்பிட்டவர் சுண்டிய பிறகு கடல்நீரைப் பரிமாறுவார். ஜெலட்டின் சூட்டில் அத்தனை கெட்டியில்லை, ஆனால் அதற்கு ஒரு சாமர்த்தியம் உண்டு: நம் வாயின் உஷ்ணத்தைக் காட்டிலும் குறைந்த உஷ்ணத்துக்கு ஆறும்போது அது இறுகத் தொடங்குகிறது. அதனால்தான் உதட்டில் லேசாக ஒட்டும் அந்த வளமான உணர்ச்சி. எந்தக் கோந்தாலும் அதைத் தர இயலாது.

ஜெலட்டின் தராத ஒன்றை மாவு தந்துகொண்டிருந்தது, அதையும் கவனிக்கவேண்டும். கொழுப்பு மேலே பிரிந்து மிதக்காமல் பார்த்துக்கொண்டதும் மாவின் பருத்த மணிகள்தான். அவை போனதும் மஞ்சள் எண்ணெய் வட்டங்கள் கிண்ணத்தில் நீந்தத் தொடங்கும். எனவே வடிந்த சாற்றிலிருந்து கொழுப்பை முதலில் கரண்டியால் எடுத்துத் தனியே வைத்து, பற்றைக் கரைத்த சாற்றையும் சுண்டிய எலும்புச் சாற்றையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, 2 கோப்பைக்குக் கால் தேக்கரண்டி ஸாந்தனை மாத்திரம் எடுத்த கொழுப்பில் ஒரு கரண்டியோடு குழைத்து விட்டு, அடுப்பிலிருந்து இறக்கியபின் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகள் இரண்டை ஒவ்வொன்றாக அடித்துச் சேர்க்கவேண்டும். ஜெலட்டின் நாவுக்கு, ஸாந்தன் கரண்டிக்கு, வெண்ணெய் பளபளப்புக்கு. மாவு ஒருவனே பார்த்த உத்தியோகத்துக்கு இப்போது மூன்று பேர். மூவரும் சேர்ந்தும் சம்பளமாக ஒரு கிராம் மாவுச்சத்துகூட வாங்குவதில்லை.

மீந்ததை மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் திறந்தால், கிண்ணமே தன் ஜாதகத்தைச் சொல்லும். மாவுக் கிரேவி இறுகி, கத்தியால் அறுக்கலாம்போலக் களியாகிக் கிடக்கும். நாளாக ஆக அதன் ஓரத்தில் நீர் கசியும். வெறும் ஸாந்தன் சேர்த்தது நேற்று இருந்தபடியே சோம்பலாகச் சரியும். எலும்புச் சாற்றை நம்பியதோ கிண்ணத்தைத் தட்டினால் அல்வாவைப்போல் நடுங்கும். ஒரு கரண்டி எடுத்துச் சூடான வாணலியில் போட்ட மாத்திரத்தில், ஓசையில்லாமல் மறுபடியும் சாறாகிவிடும்.